மாலை வேணும்னா வாசி

ஒத்தக்கடை
12 ஜூன் 2025

ஏத்தா பாண்டியம்மா,

இல்ல, நான் குடிச்சிருக்கல. அந்தப் பேச்ச மொதல்ல நிறுத்து. ஊரெல்லாம் அப்பிடிச் சொல்லித் திரியிறியாமே. உன் மதினி தங்கப்பொண்ணு சாட்சி, அன்னைக்கு நான் ரெண்டு தம்ளர் பாயாசந்தான் குடிச்சேன்.

நடந்தத நடந்தபடி எழுதுறேன், அப்புறம் யாரு மேல தப்புன்னு நீயே சொல்லு. உம்மக பவதாரிணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க வரிசையா உக்காந்திருக்காக. மச்சான் போய்ச் சேந்துட்டதால பொண்ணு வீட்டுக் கையெழுத்த நீ போடணும். பேனாவ வாங்குன. 'பா' போட்ட. சரி. 'ண்' போட்ட. சரி. அங்க பந்தியில அப்பளம் நமுத்துப்போச்சு. சாம்பார் வாளிக்காரன் நின்னுக்கிட்டே தூங்குறான். அப்ப நான் சொன்னது ஒரே ஒரு வார்த்த. "எந்தங்கச்சி பேர எழுதி முடிக்கிறதுக்குள்ள பேரப்பிள்ளைக்கே பேரு வச்சிரலாம் சம்பந்தி."

சிரிச்சது நானா? சம்பந்தி சிரிச்சாரு. அவரு சிரிச்சதால அவரு ஆளுக சிரிச்சாக. நீ பேனாவ மூடி வச்சிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்ட. அந்தத் தாளு இன்னமும் பாதிப் பேரோட நிக்கிது.

அதுக்குத் தண்டனையா இது? "எம்மக கழுத்துல உன் மாலை விழாது, தாய்மாமன் மாலைய ராஜபாண்டி போடுவான்"னு சொல்லி விட்டிருக்க. நம்ம பெரியப்பா மகன்தான், இல்லேங்கல. ஆனா அவன் பிளக்ஸ் கடைக்காரன். பூவுல எது காம்பு எது தலைன்னு தெரியாது. நான் நாப்பது வருசமா பூ மார்க்கெட்டுல உக்காந்து மாலை கட்டுறவன். மதுரையில எவன் எவன் கல்யாணத்துக்கோ என் மாலை போகுது, எம்மருமக கல்யாணத்துக்கு ராஜபாண்டி எங்கயோ வாங்குன மாலையா?

போன்ல கேக்கலாம்னா எம் நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்கீக. தபால்காரன பிளாக் பண்ண முடியாதில்ல. அதான் கடுதாசி.

பதில் எழுது. அவசரமில்ல. கல்யாணம் தை மாசக் கடைசியிலதான். அதுக்குள்ள எழுதி முடிச்சிருவ.

அண்ணன் அழகுமலை


வேலங்கரை, கப்பலூர் வழி
27 ஜூன் 2025

திரு. அழகுமலை அவர்களுக்கு,

இத எழுத எனக்கு ரெண்டு சாயங்காலம் ஆச்சு. பவதாரிணி "நான் எழுதவாம்மா"ன்னு கேட்டா. வேணாம்னுட்டேன். இது எஞ்சண்ட.

நீ குடிச்சிருந்தா மன்னிச்சிருப்பேன். உன் மானத்தக் காப்பாத்தத்தான் ஊர்ல அப்பிடிச் சொல்லி வச்சேன். குடிக்காமத்தான் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட. ரொம்ப நல்லது.

நான் எதுக்கு ரெண்டாப்போட நின்னேன்னு உனக்குத் தெரியாதா. நீ அஞ்சாப்பு போயி உக்காந்தப்ப நான் அடுத்தவுக வயல்ல களை எடுத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கூலியிலதான் உன் தட்டுல சோறு விழுந்துச்சு. இத நான் ஒருநாளும் சொல்லிக் காட்டுனதில்ல. நீ என் பேர வச்சே ஒரு கூட்டத்தச் சிரிக்க வச்சிட்ட. அதுவும் என் சம்பந்தி கூட்டத்த. நாளைக்கு எம்மக அந்த வீட்டுல போயி வாழணும். "கைநாட்டுக்காரி மக"ன்னு ஒரு நாள் ஒரு வாய் சொல்லும். அன்னைக்கு நீ பக்கத்துல இருப்பியா.

மாலை விழாது. விழாதுன்னா விழாது.

பாண்டியம்மாள்

முழுசா எழுதிருக்கேன். எண்ணிப் பாத்துக்க.


ஒத்தக்கடை
9 ஜூலை 2025

பாண்டியம்மா,

எண்ணிப் பாத்தேன். எல்லா எழுத்தும் இருக்கு. கடைசி எழுத்து மட்டும் சாஞ்சு நிக்கிது, ஒரு முட்டுக் குடு.

என் சீரு உன் வீட்டுக்கு வேணாம். சரி. வேணுங்கிறவுகளுக்குக் குடுத்துட்டுப் போறேன். வாற வெள்ளிக்கிழம காலையில ஜன்னலச் சாத்திக்க, மேளச் சத்தம் கேக்கும்.

இப்ப ஊரு ஊருக்குக் கல்விச்சீருன்னு எடுக்குறாகளே, பள்ளிக்கூடத்துக்கு. தட்டு வச்சு, தேங்கா பழம் வச்சு, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி ஊர்வலமாப் போயி பெஞ்சு, பேனு, தண்ணி டேங்குன்னு குடுத்துட்டு வாராக. நானும் எடுக்குறேன், உங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கு. அதாவது நீ காலம்பற உப்புமா கிண்டுற பள்ளிக்கூடத்துக்கு. உன் வாசல் வழியாத்தான் பாத. பாத போட்டது நான் இல்ல.

பவதாரிணிக்குன்னு வாங்கி வச்ச பித்தளத் தட்டு அம்புட்டும் வரும். பட்டுச்சேல வைக்க வேண்டிய தட்டுல கதப் பொஸ்தகம் இருக்கும். எதுக்குப் பொஸ்தகம்னு கேளு. என்ன குடுக்கலாம்னு கனகலட்சுமி டீச்சரக் கேட்டேன். மதுரைக்குள்ளருந்து வாராகளே, போன்ல அவுக வீட்டு ஆளுககிட்ட சௌராஷ்டிரத்துல படபடன்னு பேசுவாகளே, அந்தப் பெரிய டீச்சர். "பேனு வேணாம் பெரியவரே. இருக்கிற பேன்ல ஒவ்வொரு றெக்கையிலயும் ஒருத்தர் பேர எழுதி வச்சிருக்காங்க. சுத்துனாத்தான் நிம்மதி. பிள்ளைங்க நாலாப்பு வந்தும் எழுத்துக் கூட்டவே திணறுதுங்க. வீட்டுல வாசிக்க ஒரு தாள் கிடையாது. கதப் பொஸ்தகம் குடுங்க"ன்னாக.

கேட்டதும் எனக்கு அப்பிடியொரு சந்தோசம். பொஸ்தகம்னா உனக்கு நல்லா எரியும்ல.

அழகுமலை


வேலங்கரை
25 ஜூலை 2025

திரு. அழகுமலை அவர்களுக்கு,

ஜன்னலச் சாத்தல. ரெண்டு கதவையும் தெறந்து வச்சுப் பாத்தேன். முன்னால நீ, பட்டு வேட்டியில. என் வாசலுக்கு வந்ததும் மேளக்காரன நிறுத்தித் தனியா ஒரு அடி அடிக்கச் சொன்ன. என் வெள்ளாடு கயித்த அத்துக்கிட்டுக் கம்மாப் பக்கம் ஓடிருச்சு. அதத் தேடி நான் அலஞ்சதுக்கு ஒரு கணக்கு தனியா இருக்கு.

இப்ப உன் சீரு எங்க இருக்கு தெரியுமா. பீரோவுக்குள்ள. கண்ணாடிக் கதவு, பித்தளப் பூட்டு. பொஸ்தகம் கிழிஞ்சா மேலருந்து யாராச்சும் கேள்வி கேப்பாகளோன்னு டீச்சருக்குப் பயம். பிள்ளைக மத்தியானம் பீரோ முன்னால வரிசையா நின்னு, கண்ணாடியில மூக்க அழுத்திக்கிட்டு அட்டப்படத்தப் பாக்குதுக. நான் மறுநாள் காலையில மூக்குத் தடத்தத் தொடைக்கிறேன். ஈரத்துணி வச்சுத் தொடச்சாத்தான் போகுது.

உன் சீரால இந்த ஊருக்கு வந்த நன்ம இம்புட்டுத்தான். எனக்கு ஒரு வேல கூடிருக்கு.

மேளத்துக்குக் குடுத்தத வச்சு ஆட்டுக்குக் கயிறு வாங்கித் தந்திருக்கலாம்.

பாண்டியம்மாள்


ஒத்தக்கடை
8 ஆகஸ்ட் 2025

பாண்டியம்மா,

மூக்குத் தடம் விசயத்த வாசிச்சிட்டு மறுநாளே பஸ் ஏறிட்டேன். உன் வாசல் வழியாத்தான் போனேன். நீ பாக்காத மாதிரி நெல்லுப் புடச்ச. முறத்துல நெல்லே இல்ல.

டீச்சர்கிட்டச் சொன்னேன், "கிழியட்டும் டீச்சர். கிழியாத பொஸ்தகம் என்ன பொஸ்தகம். பூக்கட்டுற நூலு எங்கிட்ட இருக்கு, கிழிஞ்சதத் தச்சுத் தாரேன்"னு. அவுக சிரிச்சுட்டு சாவிய பீரோவுலயே தொங்க விட்டுட்டாக. இனிமே நீ தொடைக்க வேண்டியதில்ல. வேலையக் கொறச்சதுக்கு நன்றி சொல்ல மாட்ட, தெரியும்.

இப்ப அடுத்தது கேளு. எனக்கு இருந்தது ஒரே ஒரு மருமக. அவ கழுத்த நீ மூடி வச்சுட்ட. அதனால நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அம்புட்டுக்கும் தாய்மாமனாயிட்டேன். டீச்சர் முன்னாடியே சொல்லிட்டேன். எந்தப் பிள்ள ஒரு பொஸ்தகத்த முழுசா வாசிச்சுக் காட்டுதோ, அதுக்கு என் கையால மாலை. சும்மா பொன்னாட, சாக்லேட்டுன்னு இல்ல. நெஞ்சுக்குக் கீழ வரைக்கும் தொங்குற மாலை. தாத்தான்னு கூப்பிட்டா மாலை கெடயாது, மாமான்னுதான் கூப்பிடணும்னும் சொல்லிருக்கேன்.

பூவுக்கு எனக்கொண்ணும் செலவில்ல. ஏலம் முடிஞ்சு கழிச்சுப் போட்ட செவ்வந்தி, கோழிக்கொண்ட, வாடுன மருக்கொழுந்து. ஆனா கட்டு மட்டும் கல்யாணக் கட்டு.

வெள்ளிக்கிழம சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும். எடம் எங்கன்னு நீ கேக்கல. உன் வாசல்தான். பயப்படாத, படி ஏற மாட்டோம். தெருவு பஞ்சாயத்துது. ஒரு அடி தள்ளித்தான் நிப்போம். எம்மாலை விழாதுன்னியே. விழுறத நீ உக்காந்து பாரு, வாராவாரம்.

தாய்மாமன் அழகுமலை


வேலங்கரை
18 செப்டம்பர் 2025

திரு. அழகுமலை அவர்களுக்கு,

வெள்ளிக்கிழம நடந்தத நீ வீட்டுல மாத்திச் சொல்லிருப்ப. மதினிக்குத் தெரியணும்னு எழுதுறேன். மதினி, இத நீங்களே வாங்கி வாசிங்க.

இவரு போட்ட மாலை எல்லாமே பொய் மாலை. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பிள்ள வந்து நிக்கும். ஆனா பொஸ்தகம் அதே பொஸ்தகம். யானை சந்தைக்குப் போற கத. இருக்கிறதுலயே மெலிசு. மொத வாரம் மாலை வாங்குனவன் மத்ததுகளுக்கு வரி வரியாச் சொல்லிக் குடுத்துட்டான். அதுக மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்குதுக. இவரு கண்ண மூடிக்கிட்டு "ஆகா"ங்கிறாரு, மாலையப் போடுறாரு.

போன வாரம் எங்க தெரு சோணையம்மாள் பேத்தி முத்துமீனா வந்துச்சு. மூணாப்பு. அது கையில இருந்த பொஸ்தகத்த வாங்கித் தலகீழாத் திருப்பிக் குடுத்தேன். பிள்ள நிக்கவே இல்ல. யானை நாலு கால வானத்துக்குத் தூக்கிக்கிட்டுக் கெடக்கு, இவ "யானை மெல்ல மெல்ல நடந்து போனது"ன்னு கணீர்னு வாசிக்கிறா. தெருவே சிரிச்சுச்சு. சம்பந்தி சிரிப்பு நாலு பேரு சிரிப்பு. இது ஊருச் சிரிப்பு. இவரு மாலையத் தன் தோள்லயே போட்டுக்கிட்டுப் போயி பஸ் ஏறுனாரு. கண்டக்டர் யாரு வீட்டு மாப்பிள்ளன்னு கேட்டிருப்பான்.

சிரிப்பு அடங்குனதும் அந்தப் பிள்ள அழுதுச்சு. அத நான் நெனச்சுப் பாக்கல. அதுக்கும் எனக்கும் என்ன பக. உள்ள கூப்புட்டு, சுண்டல் குடுத்து, பொஸ்தகத்த நேராப் பிடிக்கச் சொல்லி, "யா எங்க இருக்கு காட்டு"ன்னேன். காட்டத் தெரியல. எனக்கும் சட்டுன்னு தெரியல. ரெண்டு பேருமாத் தேடிக் கண்டுபிடிச்சோம். இப்பத் தெனமும் சாயங்காலம் வருது. கூட நாலு பிள்ள வருது.

உனக்கு உதவுறேன்னு நெனச்சுக்காத. எல்லாப் பிள்ளையையும் நெசமாவே வாசிக்க வச்சு அனுப்புறேன். வாரம் ஒரு மாலை இல்ல, பத்து மாலை கட்டணும் நீ. விரல் தேயட்டும்.

பாண்டியம்மாள்


ஒத்தக்கடை
6 அக்டோபர் 2025

பாண்டியம்மா,

கண்டக்டர் அப்பிடிக் கேக்கல. "பெருசு, எறங்குறப்ப மாலைய சீட்டுல விட்டுட்டுப் போயிராதீக"ன்னான். உன் மதினி உன் கடுதாசிய ரெண்டு தடவ வாசிச்சிட்டுப் பக்கத்து வீட்டுலயும் போயிச் சொல்லிட்டு வந்தா. உனக்கு இப்பக் குளுந்திருக்கும்.

விரல் தேயும்னு சாபம் விட்டியே. போன வெள்ளிக்கிழம ஒன்பது மாலை. இடது கை பெருவிரல்ல நூலு அறுத்து வச்சிருக்கு. கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் எழுதுறேன். நீ பாக்கணும்னுதான் சொல்றேன்.

உன் வாசல் இப்ப ரொம்பப் பகட்டாயிருச்சு. ராஜபாண்டி பழைய பிளக்ஸக் கொண்டாந்து விரிச்சிருக்கான், பிள்ளைக உக்கார. என் எடத்தப் பிடிக்கிறதுக்குத்தான் அவனும் தர்மம் பண்றான், எனக்குத் தெரியாதா. அன்னைக்கு முத்துமீனா எவனோ ஒரு புது மாப்பிள்ள மூஞ்சி மேல உக்காந்துக்கிட்டு, காலுக்கிட்ட இருந்த எழுத்த "ம... ண... ம... க்... க... ள்"னு கூட்டிக்கிட்டு இருந்தா. டீக்கடக்காரன் அவன் கடையிலருந்து ஒயர் இழுத்து பல்பு போட்டு விட்டிருக்கான். அவனுக்கு யாரு மேல கோவமோ.

இனிமே புதுச் சட்டம் போடுறேன். பொஸ்தகத்த நீ எடுத்துக் குடு. பக்கத்த நீ பிரி. வாசிச்சு முடிச்சதும் கதையப் பிள்ள தன் வாயால சொல்லணும். நீ கேள்வி கேக்கணும், பிள்ள பதில் சொல்லணும். அப்பத்தான் மாலை.

எதுக்கு இத உங்கிட்டக் குடுக்குறேன்னு யோசிக்கிறியா. கேள்வி கேக்கணும்னா நீ மொதல்ல வாசிச்சிருக்கணும்ல பாண்டியம்மா. பீரோவுல எம்புட்டுப் பொஸ்தகம் இருக்குன்னு பாத்தியா? உப்புமா கிண்டி முடிச்சு, ஆடு பத்தி முடிச்சு, ராவும் பகலும் எழுத்துக் கூட்டு. மாட்டுனியா.

அழகுமலை


வேலங்கரை
16 நவம்பர் 2025

திரு. அழகுமலை அவர்களுக்கு,

மாட்டல. மேல் தட்டு முடிச்சிட்டேன். நடுத்தட்டுல பாதி வந்துட்டேன். மொதல்ல ஒரு பக்கத்துக்கு அடுப்புல ஒல கொதிச்சிரும். இப்பச் சோறு வேகுறதுக்குள்ள ஒரு கத முடியுது. குரங்கு கத எழுதுனவுகளுக்குக் குரங்கப் பத்தி ஒண்ணும் தெரியல. அத நான் டீச்சர்கிட்டச் சொன்னேன். டீச்சர் ஆமாங்குது.

பிள்ளைக மாறிருச்சுக. அத நான் சொல்லக் கூடாது, உனக்குத் தல கனக்கும். இருந்தாலும் சொல்றேன். போர்டு வாசிக்கத் தெரியாம சோணையம்மாள எல்லாரும் இத்தன வருசமாத் தப்புத் தப்பான பஸ்ல ஏத்தி விட்டுக்கிட்டு இருந்தோம். போன வாரம் முத்துமீனா போர்ட வாசிச்சு, "அப்பத்தா, இது பசுமலை போகாது, எறங்கு"ன்னு கையப் பிடிச்சு எறக்கிருக்கா. பின்னால வந்த பஸ் சரியான பஸ். சோணையம்மாள் நேரா எங்கிட்ட வந்து ஒரு படி மொச்சப்பயறக் குடுத்துட்டுப் போச்சு, சுண்டலுக்கு.

இப்ப விசயத்துக்கு வாரேன். அந்தப் பிள்ள நேத்து ஒண்ணு கேட்டுச்சு. "எங்கள எல்லாம் வாசிக்கச் சொல்லுறாரே, மாமா வாசிச்சு நாங்க பாத்ததே இல்லையே."

யோசிச்சுப் பாத்தேன். நானும் பாத்ததில்ல. கடுதாசி எழுதுவ. அது பேச்சு, பேசுறத எழுதுற. அச்சுல இருக்கிறத நாலு பேரு முன்னால நீ சத்தமா வாசிச்சு நான் கேட்டதில்ல. பத்திரிக வந்தா "கண்ணாடி எடுத்துட்டு வரல, நீ வாசி"ன்னு மதினிகிட்ட நீட்டுவ. உங்கிட்டக் கண்ணாடியே கெடயாதே.

அதனால இது என் சட்டம். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழம எங்க வீட்டுல பந்தக்கால் ஊனுறோம். மாப்பிள்ள வீட்டுல எல்லாரும் வாராக. அன்னைக்குச் சிரிச்ச சம்பந்தி முன்னால உக்காருவாரு. அவுக முன்னால, என் வாசல்ல நின்னு, நீ ஒரு பொஸ்தகத்த முழுசா வாசி. பொஸ்தகத்தப் பிள்ளைக எடுத்துக் குடுக்கும். கேள்விய முத்துமீனா கேப்பா. தேறுனா பவதாரிணிக்கு நீ மாலை போடு. தேறலேன்னா ராஜபாண்டி.

பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், மாமனுக்கு ஒரு சட்டமா.

பாண்டியம்மாள்


ஒத்தக்கடை
5 டிசம்பர் 2025

பாண்டியம்மா,

நல்லா யோசிச்சுத்தான் எழுதிருக்க. ஆறு மாசமா இதத்தான் கொதிக்க வச்சுக்கிட்டு இருந்தியா.

அறுவது வயசு மனுசன ஒரு மூணாப்புப் பிள்ள கேள்வி கேக்கணும். சம்பந்தி வேடிக்க பாக்கணும். நான் திக்கணும், அந்த ஆளு சிரிக்கணும். அதுக்கப்புறம் நான் மாலையத் தூக்கிக்கிட்டு நடக்கணும். நம்ம ஆத்தா வயித்துல நாம ரெண்டு பேருதான் பொறந்தோம்கிறத மறந்துட்ட.

எனக்குக் கண்ணு சரியில்ல. கண்ணாடி வாங்கணும். அதோட மார்கழி பொறக்குது, பனியில மல்லிக வரத்து இல்ல, மார்க்கெட்டுல நாலு மணிக்கே போயி நிக்கணும். அப்புறம் தொண்ட வேற கட்டிருக்கு.

அதனால நான் வரல. பந்தக்காலுக்கும் வரல, கல்யாணத்துக்கும் வரல. உம்மக கழுத்துல தாலி ஏறுற நேரத்துல நான் அழகர்கோயில்ல குரங்குக்குப் பழம் போட்டுக்கிட்டு இருப்பேன். அதுகளாச்சும் கேள்வி கேக்காது.

வெள்ளிக்கிழமையும் இனிமே வரல. பூ கெடயாது. மாலை இல்லாம எந்தப் பிள்ள உன் வாசலுக்கு வருதுன்னு நானும் பாக்குறேன். ரெண்டே வாரம். அந்த பிளக்ஸ்ல உன் ஆடுதான் படுத்திருக்கும்.

அழகுமலை


வேலங்கரை
21 டிசம்பர் 2025

அழகுமலை அவர்களுக்கு,

நீ வராத ரெண்டு வெள்ளிக்கிழமையிலயும் பிள்ளைக வந்துச்சுக. மாலை இல்லேன்னு சொன்னேன். சரின்னுட்டு உக்காந்து வாசிச்சுச்சுக. சுண்டலத் தின்னுச்சுக. போயிருச்சுக. ஆடு படுக்க எடமில்ல.

மாமா எங்கன்னு மட்டும் கேட்டுச்சுக. வாசிக்கச் சொன்னோம், ஒளிஞ்சுக்கிட்டாருன்னு உள்ளதச் சொன்னேன். ஒரு பிள்ளையும் சிரிக்கல. முத்துமீனா, "எங்கிட்ட வரச் சொல்லுங்க. யானக் கதையிலருந்து ஆரம்பிச்சு நான் சொல்லித் தாரேன்"னா. தலகீழா வாசிச்சவ சொல்றா.

பயமா இருந்தா பயமா இருக்குன்னு எழுது. விட்டுர்றேன்.

பாண்டியம்மாள்


ஒத்தக்கடை
18 ஜனவரி 2026

பாண்டியம்மா,

பயமா? எனக்கா? மார்க்கெட்டுல பொங்கல் கூட்டத்துக்குள்ள ஒத்தக் கையால மல்லிக மூட்டையத் தூக்குனவன் நான். எழுத்துக்கா பயப்படுவேன்.

நான் வாரேன். ஆனா ஒண்ணு ரெண்டு விசயம் பேசித் தீத்துக்கணும். பொஸ்தகம் மெலிசா இருக்கட்டும். யானக் கதன்னாலும் பரவால்ல, அது எனக்குக் கொஞ்சம் பழகிருச்சு. சம்பந்தியக் கொஞ்சம் தள்ளி உக்கார வையி, வாழமரத்துக்கு அந்தப் பக்கமா. நடுவுல ஒரு எடத்துல நின்னா முத்துமீனா எடுத்துக் குடுக்கட்டும், மொத எழுத்து மட்டும். பிள்ளைகளுக்கு நீ எடுத்துக் குடுக்குறத நான் பாத்திருக்கேன்.

தெனமும் ராத்திரி உன் மதினி ரேஷன் கடையிலருந்து கொண்டார பழைய பேப்பர எடுத்து வச்சு வாசிக்கச் சொல்றா. நான் வாசிக்கிறதுக்குள்ள தூங்கிர்றா. அத உங்கிட்டச் சொன்னா நீ சிரிப்ப. சிரிச்சுக்க.

பாண்டியம்மா, அன்னைக்கு நிச்சயத்துல நான் சொன்னது

இது வரைக்கும் எழுதிருந்தப்பத்தான் வாசல்ல நிழல் விழுந்துச்சு. மிச்சத்த நீ போனப்பறம் எழுதுறேன். தட்டோட நீ. வெத்தல, பாக்கு, பத்திரிக. அதுக்கு மேல ஒரு பொஸ்தகம். இத்தன மாசம் கழிச்சு எங்க வீட்டுப் படி ஏறுன ஆளு, அண்ணேன்னு ஒரு வார்த்த இல்ல. "மதினி, தண்ணி வேணாம். அழைக்க வந்தேன்"னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்த.

பொஸ்தகத்த எடுத்துப் பாத்தேன். பீரோவுல கீழ் தட்டு. இருக்கிறதுலயே தடிசு. பிரிச்சுப் பாத்தா ஒரு பக்கத்துலயும் படம் இல்ல. தலகீழாப் பிடிச்சா எனக்கே தெரியாது. "பிள்ளைக எடுத்துக் குடுத்துச்சு"ன்ன. பிள்ளைக எடுக்குறப்ப பக்கத்துல நின்னது யாருன்னு நான் கேக்கல.

"ஒனக்குத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன். ஸ்டாம்பு மிச்சம். வாசிக்கிறேன், கேட்டுட்டுப் போ"ன்னேன். நான் இந்தக் கடுதாசிய எடுத்து மேலருந்து வாசிச்சேன். நான் எழுதுனதுதான். இருந்தாலும் மல்லிக மூட்டையில ஒரு தட்டு தட்டுச்சு, வாழமரத்துல ஒரு தட்டு தட்டுச்சு. நீ சுவத்துல இருக்கிற காலண்டரயே பாத்துக்கிட்டு இருந்த. உன் உதடு மட்டும் அசஞ்சுச்சு. நான் தட்டுற எடத்துல எல்லாம் அடுத்த எழுத்து உன் வாயில நின்னுச்சு, வெளிய வரல.

"அன்னைக்கு நிச்சயத்துல நான் சொன்னது"ன்னு வாசிச்சேன். அதுக்கு மேல தாள்ல இல்ல. ஆனா வாயில இருந்துச்சு. நெசமாவே இருந்துச்சு. நீ சட்டுன்னு எந்திரிச்சுட்ட.

"இப்பச் சொல்லித் தப்பிக்கப் பாக்காத. எதுவா இருந்தாலும் பந்தக்கால் அன்னைக்கு வாசல்ல வச்சுச் சொல்லு. சிரிச்சவுக முன்னால."

சொல்லிட்டுச் செருப்ப மாட்டுன. இன்னும் எழுதாத ரெண்டு வரி இருக்குன்னு சொன்னேன். நீ தெருவுல எறங்கிட்ட. நான் தாளக் கையில பிடிச்சுக்கிட்டே வாசலுக்கு வந்து கத்துனேன். "ஏய் பாண்டி. நான் தேறிட்டேன்னு வையி, மாலை போட்ட கையோட அந்தப் பொஸ்தகத்த அப்பிடியே சம்பந்தி மடியில வைப்பேன். அன்னைக்குச் சிரிச்சவரு ஒரு பக்கம் வாசிக்கட்டும். முத்துமீனா அவரையும் கேள்வி கேக்கட்டும். அவரு எத்தனாப்பு, அதக் கேட்டியா நீ?"

நீ ஒரு நிமிசம் நின்ன. திரும்பல. முந்தானைய இழுத்து இடுப்புல சொருகுன. வரப்புத் தகராறுக்குப் போறப்ப நீ அப்பிடித்தான் சொருகுவ. அப்புறம் பஸ் ஸ்டாப்பப் பாத்து நடந்துட்ட. நான் இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன், சம்பந்திய வாழமரத்துக்கு அந்தப் பக்கம் உக்கார வைக்க வேணாம், முன்னாலயே உக்கார வையி, நல்லா வெளிச்சத்துல, டீக்கடக்காரன் பல்புக்கு நேர் கீழன்னு.